தன்னையே அழைக்கும் வினவல்: பரவிவரும் தவறான செய்தி

தஞ்சை, கும்பகோணம் பகுதிக் கணினி மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில், “எஸ்கியூஎல் மொழியால் கிளைக்குள் கிளை தேட இயலாது; வித் ரிகர்சிவ் என்று எழுதினால் சர்வர் முடிவின்றி ஓடி நின்றுவிடும்” என்றொரு செய்தி சுற்றுகிறது. இது தவறு. எஸ்கியூஎல் என்பது தரவுத்தளத்திடம் தகவல் கேட்கும் மொழி; அதில் எழுதும் கேள்வியே வினவல். தன் முந்தைய விடையைக் கொண்டு தன்னையே மீண்டும் அழைக்கும் வினவலை எழுதும் வசதிதான் வித் ரிகர்சிவ்.

1999ஆம் ஆண்டின் எஸ்கியூஎல் தரநிலையிலேயே இவ்வசதி இடம்பெற்றது. தரவுத்தள மென்பொருள்களான போஸ்ட்கிரெஸின் 8.4 பதிப்பிலும், தாமதமாக மைஎஸ்கியூஎலின் 8.0 பதிப்பிலும் அது வந்துவிட்டது.

நம் ஆறுகளையே எடுத்துக்கொள்வோம். கல்லணையில் பிரியும் வெண்ணாறு தென்பெரம்பூரில் வெட்டாறாகவும் பிரிகிறது. தரவு அட்டவணையில் ஒவ்வோர் ஆற்றின் வரிசையிலும், அது பிரிந்துவரும் தாய் ஆற்றைக் குறித்து வைத்தால், வினவலின் முதற்பகுதி காவிரியை எடுக்கும். இரண்டாம் பகுதி, முந்தைய சுற்றில் கிடைத்த ஆறுகளின் கிளைகளை மட்டும் தேடும். புதிய வரிசை எதுவும் கிடைக்காத சுற்றில் தானே நின்றுவிடும்.

செய்தியில் ஒரு துளி உண்மை உண்டு. காவிரிக்குத் தாய் வெட்டாறு என்று யாரேனும் பிழையாகப் பதிந்து, இரு பகுதிகளையும் இணைக்க, ஒரே வரிசை மீண்டும் வந்தாலும் நீக்காத யூனியன் ஆல் பயன்படுத்தினால், வினவல் சுழலில் சிக்கும். அது தரவின் பிழை, மொழியின் குறையன்று. அப்போதும் மைஎஸ்கியூஎல் இயல்பாக 1000 சுற்றுகளைக் கடந்ததும் பிழை காட்டி நிறுத்திவிடும். மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் என்னும் மென்பொருளில் அவ்வரம்பு 100. போஸ்ட்கிரெஸில் அத்தகைய இயல்பு வரம்பு இல்லையாதலால், அங்கு கூடுதல் கவனம் வேண்டும்.

அந்தந்த மென்பொருளின் அதிகாரபூர்வக் கையேட்டில் வித் வினவல் பகுதியைத் திறந்து இவற்றைச் சரிபார்க்கலாம். அச்செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.