மலையை எந்த நர்சரியில வாங்குவீங்க?

"ஒரு மரம் வெட்டினா பத்துக் கன்று நடுவோம்." நேத்து புதுச் சுரங்கத்தைப் பத்தி மக்கள்கிட்ட கருத்துக் கேட்கிற கூட்டத்துல, இந்த ஒரே வரியை சுரங்கத்துக்காகப் பேச வந்த ஆள் நாலு தடவை சொன்னார். எண்ணிக்கிட்டேதான் இருந்தேன். வெடி வச்சா பறவையெல்லாம் கூட்டை விட்டுப் போயிடுமேன்னு ஒருத்தர் கேட்டார். பத்துக் கன்று. லாரிப் புழுதி இலை மேல படிஞ்சா செடி எப்படி மூச்சு விடும்னு ஒரு அம்மா கேட்டாங்க. பத்துக் கன்று. குழி ஆழமாக ஆழமாக சுத்தியிருக்கிற ஊத்தெல்லாம் வத்திடுமே, தவளை எங்க முட்டையிடும்? அதுக்கும் பத்துக் கன்று! திரையில ரெண்டு உள்ளங்கை, நடுவுல ஒரு பிடி மண்ணு, அதுல ஒரு துளிர். கடைசி வரைக்கும் அந்தப் படம் மாறவே இல்லை.

நான் எழுந்து நத்தையைப் பத்திக் கேட்டேன். மலேசியாவுல, பகாங் மாநிலத்துல, புக்கிட் பாஞ்சிங்னு ஒரு சுண்ணாம்புக்கல் குன்று இருந்தது. பிளெக்டோஸ்டோமா சியாஃபிலம்னு சில மில்லிமீட்டரே இருக்கிற நத்தை, உலகத்துலயே அந்த ஒத்தைக் குன்றுலதான் வாழ்ந்தது. கல்லுக்காகக் குன்றையே வெட்டித் தீர்த்தாங்க. 2014-ல, அழியற உயிரினங்களைக் கணக்கெடுக்கிற உலகச் சிவப்புப் பட்டியல்ல அது அற்றுப்போன இனமாயிடுச்சு. ஓடு கட்ட அதுக்குச் சுண்ணாம்பு வேணும். ஈரப்பாறையை விட்டு நகர முடியாது, அடுத்த குன்று அதுக்கு வேற கண்டம் மாதிரி. அதனாலதான் குன்றுக்குக் குன்று வேற வேற நத்தை. எத்தனை கன்று நட்டா அது திரும்பி வரும்? அவர் என்ன பதில் சொன்னார்னு உங்களுக்கே தெரியும். அதுதான் நாலாவது தடவை.

மேல்மண்ணை வழிச்செடுத்துட்டு, விதையும் பூஞ்சையும் மண்புழுவும் செத்த பொட்டல்ல, ஒரே வயசு மரத்தை வரிசையா நட்டா அதுக்குப் பேரு தோப்பு. ஆந்தைக்குப் பொந்து வேணும்யா! பொந்து விழற அளவுக்கு மரம் வயசாகணும். அதுவரைக்கும் ஆந்தை எங்க போய் உட்காரும்?

தண்ணியைப் பத்தி அவர் வாயே திறக்கலை. தோண்டிப் போட்ட கல்லுல இருக்கிற பைரைட்ல, அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமத்துல, காத்தும் மழையும் பட்டா கந்தக அமிலம் ஊறும். சுரங்கத்தை மூடிட்டுப் போனாலும் அது நிக்காது. 2015 நவம்பர் 5-ல பிரேசில்ல இரும்புச் சுரங்கத்தோட கழிவு அணை உடைஞ்சது. 19 பேர் செத்தாங்க. டோசே ஆத்துல 600 கிலோமீட்டருக்கு மேல சேறு ஓடி அட்லாண்டிக்ல கலந்தது. ஆத்து மீனுக்கு மரக்கன்று எதுக்கு?

இப்ப ஆழ்கடலுக்கும் கிளம்பிட்டாங்க. இந்தியப் பெருங்கடலோட அடியில, வெந்நீர் ஊத்துகள்ல, கால்ல இரும்புச் செதிலோட ஒரு நத்தை இருக்கு. கடலடிச் சுரங்கம் வரப்போகுதுங்கிறதாலேயே 2019-ல அதை அழியும் ஆபத்துல இருக்கிற இனம்னு பட்டியல்ல சேர்த்தாங்க. அங்க மரமே கிடையாது. அங்க எதை வெட்டினதுக்கு எதை நடுவாங்க?

இதைக் கேட்கிறதுக்குள்ள மைக்கைப் பிடுங்கிட்டாங்க. எனக்கு மூணு நிமிஷம் முடிஞ்சிருச்சாம். அவர் மட்டும் முக்கால் மணி நேரம் பேசினாரே!