‘விட்சர் 4’ டெமோ போனுக்கு வந்துவிட்டதா? பரவும் ஏபிகே போலி

“விட்சர் 4 டெமோ வந்துவிட்டது, ஆண்ட்ராய்டில் விளையாடலாம், 600 எம்பிதான்.” ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில், ஏபிகே (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) ஒன்றோடு சுற்றும் இந்தத் தகவல் பொய். விட்சர் 4 என்பது சிடி புரொஜெக்ட் ரெட் நிறுவனம் உருவாக்கும் வீடியோ கேம்.

ஆதாரமாகக் கூடவே வரும் வீடியோ மட்டும் நிஜம். விளையாட்டின் நாயகி சிரி குதிரையில் வால்ட்ரெஸ்ட் என்ற கற்பனைத் துறைமுக ஊரின் சந்தைக்குள் போகும் அந்தக் காட்சி, 2025 ஜூனில் அன்ரியல் என்ஜின் (கேம் உருவாக்கும் மென்பொருள்) நிகழ்வில் பிஎஸ்5 கேம் கருவியில் ஓட்டிக் காட்டிய தொழில்நுட்ப டெமோ. விளையாட்டின் பகுதிகூட அல்ல என்று சிடி புரொஜெக்ட் ரெட் அப்போதே சொன்னது; பொதுமக்களுக்குத் தரவும் இல்லை. 2026 முடிவதற்குள் விளையாட்டு வராது என்பதையும் 2025 மார்ச்சிலேயே அறிவித்துவிட்டார்கள். 2015இல் வந்த விட்சர் 3க்கே கணினியில் 50 ஜிபி வேண்டும். 600 எம்பியில் சிரியின் குதிரைகூட அடங்காது.

இத்தகைய போலி ஏபிகே கேட்கும் அனுமதிகளைப் பாருங்கள்: எஸ்எம்எஸ், அக்சசிபிலிட்டி (மாற்றுத்திறனாளிகளுக்கு உதவ போனில் இருக்கும் வசதி). முதலாவது வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவு எண்ணை (ஓடிபி) படிக்கும். இரண்டாவது திரையில் தெரிவதையெல்லாம் பார்க்கும், உங்களுக்குப் பதிலாக அழுத்தவும் செய்யும். அன்இன்ஸ்டால் பட்டன் வேலை செய்யாமல் போவதும் பெரும்பாலும் இதனால்தான்.

ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? முதலில் டேட்டாவையும் வைஃபையையும் நிறுத்துங்கள். சேஃப் மோடில் (நீங்கள் நிறுவிய செயலிகள் ஓடாத நிலை) போனைத் திறந்து, செட்டிங்ஸில் அக்சசிபிலிட்டி, டிவைஸ் அட்மின் (போனைக் கட்டுப்படுத்தும் அனுமதி) இரண்டிலும் அந்தச் செயலியை அணைத்த பிறகு நீக்குங்கள். கடவுச்சொற்களை வேறொரு போனில் இருந்து மாற்றுங்கள். அதே போனில் மாற்றினால் புதியதும் திருடனுக்குப் போகலாம். வாட்ஸ்அப்பில் ‘லிங்க்ட் டிவைசஸ்’ பட்டியலில் தெரியாத கருவி இருந்தால் வெளியேற்றுங்கள். வங்கிச் செயலி அதே போனில் இருந்தால் வங்கிக்கும் உடனே அழைத்துச் சொல்லுங்கள்.