தொகுதியில் ஜெயித்தால் மட்டும் போதாது

'ஜெர்மனியில் தொகுதியில் முதலிடம் பிடித்தவர் நேராக நாடாளுமன்றம் போவார், மீதி இடங்களுக்குத்தான் கட்சிப் பட்டியல்' என்று ஜெர்மன் தேர்தல் முறை பற்றிய ஒரு கட்டுரை சொல்வது பழைய கதை. அங்கே ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கு: முதலாவது தொகுதி வேட்பாளருக்கு, இரண்டாவது கட்சிக்கு. 2023 தேர்தல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அந்த உத்தரவாதம் கிடையாது; இரண்டாவது வாக்கின்படி கட்சிக்குக் கிடைக்கும் இடங்களுக்குள் அடங்கினால்தான் தொகுதி வெற்றியாளருக்கு இடம். 2025 தேர்தலில் பவேரியா மாநிலத்தின் 47 தொகுதிகளிலும் அந்த மாநிலக் கட்சியான சிஎஸ்யு தான் முதலிடம். ஆனால் இரண்டாவது வாக்கின்படி அக்கட்சிக்குக் கிடைத்தது 44 இடங்கள். எனவே முதல் வாக்கில் ஆகக் குறைந்த சதவீதம் பெற்ற மூன்று வெற்றியாளர்கள் இடம் கிடைக்காமல் கழிக்கப்பட்டார்கள். அவர்களின் தொகுதிகள்: ஆக்ஸ்பர்க், மியூனிக் தெற்கு, நியூரம்பர்க் வடக்கு. மூன்றும் நகரத் தொகுதிகள் என்பதைக் கவனியுங்கள். பல கட்சிகள் மோதும் இடத்தில் முப்பது சதவீதத்தை ஒட்டியே ஜெயிக்க வேண்டியிருக்கும், அடி அங்கேதான் விழும். நாடு முழுக்க இப்படி 23 பேர். முன்பு இந்த உபரி இடங்களையும் கொடுத்து, மற்ற கட்சிகளுக்கு ஈடும் கொடுத்ததால்தான் 2021-இல் அவை 736 பேராக வீங்கியது. இப்போது 630-க்கு மேல் போகாது. கட்சி சாராமல் நின்று ஜெயித்தவருக்கு மட்டும் இந்தக் கழிவு இல்லை. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், நாடு முழுக்க ஒரு கட்சி வாங்கும் இரண்டாவது வாக்கு '5 சதவீதத்துக்குக் கீழே போனால் கதை முடிந்தது' என்கிறார். அதுவும் முழு உண்மையல்ல. மூன்று தொகுதிகளில் முதலிடம் பிடித்தால் அந்த வரம்பு பொருந்தாது. 2021-இல் 4.9 சதவீதம் வாங்கிய இடதுசாரிக் கட்சி அப்படித்தான் 39 இடங்களோடு உள்ளே வந்தது. 2023 திருத்தம் இந்த விலக்கை நீக்கப் பார்த்தது. 2024 ஜூலையில் அரசியல் சாசன நீதிமன்றம் அதைத் தற்காலிகமாக மீட்டு வைத்திருக்கிறது. சிறுபான்மை டேனிஷ் மக்களின் கட்சிக்கு வரம்பே கிடையாது.