"உனக்கென்ன, ஊட்டியில் இருக்கிறாய்"

மனசு சரியில்லை என்று கீழே இருக்கும் சொந்தக்காரர்களிடம் சொன்னால், "உனக்கென்ன, ஊட்டியில் இருக்கிறாய்" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் மனசு மனசுதானே? ஜூன் பிறந்தால் நாள் கணக்கில் வெயிலைப் பார்க்க முடியாது. துணி காயாது, சாயங்காலத்துக்கு முன்பே மூடுபனி இறங்கிவிடும், வீட்டுக்குள் முடங்கிக் கிடப்போம். வெளிச்சம் குறைந்தால் சிலருக்கு மனமும் சோர்ந்துபோகும், மருத்துவர்களே சொல்வதுதான்.

போன மழையில் அம்மா மூன்று வாரம் சரியாகப் பேசவே இல்லை. பெரியம்மாவிடம் சொன்னேன். "குளிருக்கு அப்படித்தான் இருக்கும். லீவுக்கு வர்றோம், ரூம் பாத்து வை" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு நானே கூப்பிட்டேன். காசில்லை, தமிழிலேயே பேசினார்கள். முன்பின் தெரியாதவர் பொறுமையாகக் கேட்டார். அம்மாவின் கூடப்பிறந்த அக்காவுக்கு அந்தப் பத்து நிமிடம் கூடவா இல்லை?