கணுக்கால் துளை ஆபரேஷன்: மறுநாளே வயலில் இறங்கலாமா?

"கணுக்காலில் ரெண்டு துளை போட்டுச் சுத்தம் செய்தால் தேய்ந்த மூட்டும் புதுசாகிவிடும், மறுநாளே நடவுக்கு இறங்கலாம்." மன்னார்குடி, திருவாரூர் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி இது. இரண்டுமே தவறு.

ஆபரேஷன் உண்மையானதுதான். கணுக்காலின் முன்பக்கம் அரை சென்டிமீட்டர் அளவில் இரண்டு கீறல். ஒன்றில் பென்சிலைவிட மெல்லிய கேமரா, மற்றதில் கருவி. உதிர்ந்து கிடக்கும் எலும்புத் துணுக்கு, காலை மடக்கும்போது இடிக்கும் எலும்பு முனை, வீங்கிய சவ்வு, இவற்றுக்கெல்லாம் நல்ல பலன் உண்டு. ஆனால் குருத்தெலும்பு முழுக்கத் தேய்ந்து எலும்போடு எலும்பு உரசும் மூட்டை வெறும் சுத்தம் காப்பாற்றாது. அங்கே மூட்டை அசையாமல் இணைப்பதா, செயற்கை மூட்டா என்றுதான் பேச வேண்டிவரும்.

சரி, மறுநாள் விஷயம். வெளியே தெரிவது சின்னக் கீறல், ஆனால் அதன் வழி மூட்டுக்குள்ளேயே போகிறது. தையல் பிரிக்கவே 10 முதல் 14 நாள் ஆகும். அதற்குள் நாற்றைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் சேற்றில் நின்றால் மூட்டுக்குள் சீழ் பிடிக்கலாம். குருத்தெலும்புப் பள்ளத்தைச் சரிசெய்ய எலும்பில் துளையிட்டிருந்தால் பல வாரம் காலை முழுதாக ஊன்றவே விடமாட்டார்கள். நடவுக்கூலி போகுமே என்ற தவிப்பு புரிகிறது, அதனால்தான் "சேற்றில் எப்போது இறங்கலாம்?" என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்கச் சொல்கிறேன்.

வரப்பில் கால் பிசகினவர்களில் பெரும்பாலோருக்கு ஆபரேஷனே வேண்டாம். கட்டு, கொஞ்சம் ஓய்வு, அப்புறம் ஒற்றைக்காலில் நின்று பழகும் பயிற்சி போதும். நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லை, அல்லது கணுக்கால் எலும்பைத் தொட்டாலே வலிக்கிறது என்றால் மட்டும் தள்ளிப்போடாமல் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.