பிளேட்டோ இந்த உலகத்தைப் பொய் என்று சொல்லவில்லை

பிளேட்டோவைப் பற்றித் தமிழில் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு சொற்கள் முந்திக்கொண்டு வந்துவிடுகின்றன. ஒன்று மாயை, மற்றொன்று, பொருளைவிட எண்ணமே முதன்மை என்னும் கருத்துமுதல்வாதம். அவருடைய உரையாடல்களைப் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வாசித்துவருகிற எனக்கு, இவ்விரு சொற்களுமே, காணும் பொருள்களுக்கு அப்பால் மாறாத வடிவங்கள் உண்டு என்னும் அவருடைய வடிவக் கோட்பாட்டின் வாசலிலேயே நம்மை நிறுத்திவிடுகின்றன என்று உறுதியாகப் படுகிறது.

பெரும்பாலோர் 'குடியரசு' நூலின் குகைக் கதையிலிருந்து, இருட்டில் கட்டுண்டு நிழல்களையே மெய்யென்று நம்பும் மனிதர்களின் கதையிலிருந்து, தொடங்குகிறார்கள். நான் 'ஃபீடோ'விலிருந்து தொடங்கச் சொல்வேன். கி.மு. 399இல், பிளேட்டோவின் ஆசிரியர் சாக்ரடீஸ் நஞ்சருந்த வேண்டிய நாளன்று, ஏதென்ஸ் சிறையில் நண்பர்கள் சூழ்ந்திருக்க நடக்கும் உரையாடல் அது. உயிர் போகவிருக்கும் அந்த வேளையில் அவர் நண்பர் சிமியாஸிடம் எழுப்பும் கேள்வி மிக எளியது. சமமான குச்சிகளையும் சமமான கற்களையும் பார்க்கிறோமே, அவற்றுக்கு அப்பால் 'சமம்' என்ற ஒன்று தனியே உண்டா இல்லையா?

இதை முதன்முதலாக வாசித்த இரவில் விளக்குமாற்றிலிருந்து இரண்டு ஈர்க்குகளை உருவி, ஒரே நீளத்துக்கு வெட்டி மேசைமேல் வைத்துப் பார்த்தேன். முதல் பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. விளக்கை அருகில் இழுத்ததும் ஒன்றின் நுனியில் மயிரிழை அளவுக்கு நார் நீட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. அதைக் கிள்ளியபின் மற்றது நீண்டது. எத்தனை முறை வெட்டினாலும் 'இன்னும் சரியாகவில்லை' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். எதற்குச் சரியாகவில்லை? முழுச் சமத்தை நான் எந்தப் பொருளிலும் கண்டதே இல்லை. இருந்தும் குறை எங்கே இருக்கிறது என்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. சாக்ரடீஸ் பிடிப்பது இந்த இடத்தைத்தான். ஒன்று குறைபடுகிறது என்று சொல்ல வேண்டுமானால், அது எட்ட முயலும் நிறைவை ஏற்கெனவே அறிந்திருக்க வேண்டும். புலன்கள் தராத அந்த அறிவை உயிர் பிறப்பதற்கு முன்பே பெற்றிருக்க வேண்டும் என்பது அவர் வாதம். முற்பிறப்பு அறிவு என்ற அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் கேள்வியின் கூர்மை அதனால் மழுங்கிவிடவில்லை.

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பழைய நெருக்கடியும் இருக்கிறது. இளமையில் பிளேட்டோவுக்குக் கிராட்டிலஸ் என்பவரோடு பழக்கம் இருந்ததாக அரிஸ்டாட்டில் எழுதுகிறார். ஒரே ஆற்றில் இருமுறை இறங்க முடியாது என்ற ஹெராக்ளிட்டஸையும் விஞ்சி, ஒருமுறைகூட இறங்க முடியாது என்றவர் அவர். இறுதியில் எதையும் சொல்லாமல் விரலை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாராம். எல்லாமே ஓடிக்கொண்டிருந்தால் எதையும் பெயரிட்டுச் சொல்வதற்கில்லை. மாறாத வடிவங்களைப் பிளேட்டோ தேடியதை, பேச்சையும் அறிவையும் காப்பாற்றும் முயற்சியாகவே நான் காண்கிறேன்.

கருத்துமுதல்வாதம் என்ற முத்திரைக்கு வருவோம். கருத்து என்றதும் மனத்துக்குள் இருக்கும் ஒன்று என்றே நாம் எடுத்துக்கொள்கிறோம். பிளேட்டோ ஆளும் 'ஐடியா', 'ஐடோஸ்' என்ற கிரேக்கச் சொற்களோ பார்த்தல் என்னும் வேரிலிருந்து பிறந்தவை. தோற்றம், வடிவம் என்பதே அவற்றின் பழைய பொருள். 'பார்மனிடீஸ்' உரையாடலில் இளம் சாக்ரடீஸ், வடிவங்கள் வெறும் எண்ணங்களாக உயிருக்குள் மட்டும் இருக்கக்கூடாதா என்று கேட்டுப் பார்க்கிறார். எண்ணம் என்றால் ஏதோ ஒன்றைப் பற்றிய எண்ணமாகத்தானே இருக்க வேண்டும் என்று முதிய தத்துவஞானி பார்மனிடீஸ் உடனே மறுத்துவிடுகிறார். நாம் பிளேட்டோமேல் ஏற்றும் கருத்தை அவரே எடுத்து வைத்து, மறுத்தும் எழுதிவிட்டார்.

மாயை என்பதும் பொருந்தாது. உடலை உயிரின் சிறைபோலப் பேசும் பகுதிகள் 'ஃபீடோ'வில் உள்ளன என்பதை மறைக்க மாட்டேன். ஆயினும் இவ்வுலகப் பொருள்களை அவர் இல்லாதவை என்று சொல்வதில்லை. இருப்பதற்கும் இல்லாததற்கும் நடுவில் வைக்கிறார். அழகிய பொருள் அழகாக இருப்பதே அழகின் வடிவில் அது பங்கு பெறுவதால்தான் என்கிறார். குகையைவிட்டு வெளியேறிச் சூரியனைக் கண்டவனும் அங்கேயே தங்கிவிடலாகாது, இருட்டில் இருப்பவர்களிடம் திரும்பி இறங்கியாக வேண்டும் என்று 'குடியரசு' வற்புறுத்துகிறது.

இந்தப் 'பங்கு பெறுதல்' எப்படி நடக்கிறது என்பதுதான் கோட்பாட்டின் உண்மையான இடர்ப்பாடு. பெரிய பொருள்களெல்லாம் 'பெரிய தன்மை' என்ற வடிவால் பெரியவை என்றால், அந்த வடிவையும் அப்பொருள்களையும் சேர்த்துப் பெரியவை என்று காண இன்னொரு வடிவம் வேண்டும். அதற்கு மேலும் ஒன்று, முடிவே இல்லாமல். இருபது ஆண்டுகள் மாணவராக இருந்த அரிஸ்டாட்டில் பிற்காலத்தில் இதே தடையை ஆசிரியருக்கு எதிராக வைத்தார். அதை 'பார்மனிடீஸ்' உரையாடலில் முழுமையாக விரித்துக் காட்டியவர் பிளேட்டோதான் என்பதை நம்மில் பலர் கவனிப்பதே இல்லை.

அதே உரையாடலில் நான் அடிக்கடி திரும்பிப் போகும் பக்கம் ஒன்று உண்டு. நீதிக்கும் அழகுக்கும் வடிவம் உண்டென்று சாக்ரடீஸ் தயங்காமல் ஒப்புக்கொள்கிறார். மனிதனுக்கும் நெருப்புக்கும் உண்டா என்றால் தடுமாறுகிறார். மயிர், சேறு, அழுக்கு ஆகியவற்றுக்கு என்று கேட்டதும் அப்படி நினைப்பதே அபத்தம் என்று பின்வாங்குகிறார். அறுபத்தைந்து வயதை எட்டிய, தலை நரைத்த பார்மனிடீஸ் அவரைப் பார்த்து, நீ இன்னும் இளைஞன், தத்துவம் உன்னை இறுகப் பற்றவில்லை, பற்றும் நாளில் இவற்றில் எதையும் நீ இகழ மாட்டாய், இப்போது மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று பார்க்கிறாய் என்கிறார்.