ஃப்ரில் வேறு, கேன்கேன் வேறுங்க

‘ஃப்ரில் வைத்த கவுன் என்றால் கேன்கேன் போட்டு புஸ்ஸென்று நிற்பதுதான், 5 மீட்டர் நெட் இல்லாமல் தைக்க முடியாது’ என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அது சரியில்லைங்க. இதை நம்பி யாரும் ஈரோடு போய் வீணாக நெட் வாங்கிவிடக் கூடாது.

ஒரு ஓரத்தைச் சுருக்கித் தைத்து, மறு ஓரத்தைச் சும்மா தொங்க விட்ட துணிப்பட்டைதான் ஃப்ரில். கழுத்து, கை, பாவாடையின் அடி என்று எங்கேயும் வைக்கலாம். கேன்கேன் உள்ளே போடும் விறைப்பான நெட் பாவாடை. ஃப்ரில்லே இல்லாத கவுனுக்கும் அதைப் போடுவார்கள். கைக்குழந்தைக்கு அது உறுத்தும், வேண்டவே வேண்டாம்.

துணிக் கணக்கும் தப்பு. தைக்கும் இடத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு நீளப் பட்டை போதும். அடிச்சுற்று 60 அங்குலம் என்றால் 120 அங்குலப் பட்டை. 44 அங்குல அகலத் துணியில், தையலுக்கும் சேர்த்து 5 அங்குலமாக மூன்று பட்டை வெட்டி ஒட்டுப்போட்டால் ஆயிற்று. மொத்தம் 15 அங்குலம், அரை மீட்டர்கூட இல்லை.

திருப்பூர் பனியன் துணி என்றால் சில இடங்களில் சுருக்கவே வேண்டாம். ஓரத்தை நன்றாக இழுத்துப் பிடித்தபடி நெருக்கமாக ஓவர்லாக் (ஓரம் பிரியாமல் நூலால் சுற்றித் தைக்கும் மெஷின் தையல்) அடித்தால், கையை விட்டதும் அலை அலையாக நெளிந்துகொள்ளும். அப்புறம், டெய்லரிடம் ‘ஃப்ரில் வையுங்க’ என்று மட்டும் சொல்லாமல் பட்டையின் அகலம், எத்தனை மடங்கு சுருக்கம் இரண்டையும் சொல்லிவிடுங்கள்.